எந்த லோறன்ஸ்?

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் எஸ்-பான் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் றுசல்ஸ்ஹைம் வந்துவிடும். அங்கே நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அன்ரன் லோறன்ஸ் குடியிருக்கிறார். இளவயதில் கிழக்கு பேர்லின் வழியாக அகதியாக வந்தவர். அதன்பிறகு வாழ்க்கையில் பெரும்பகுதியை விமான நிலையத்தில் மற்றவர்களுடைய பெட்டிகளை ஏற்றி இறக்கியே கழித்தார். நல்ல உயரம், உயரத்துக்கு ஏற்ற தொப்பை. எதைச் சொன்னாலும் சிரிப்பை உள்ளே அடக்கிக்கொண்டு சொல்வதுபோல் இருக்கும். அதனால் அவர் சத்தியம் பண்ணிச் சொன்னாலும் ஆட்கள் இன்னொருவரிடம் விசாரித்துவிட்டுத்தான் நம்புவார்கள்.

மனைவி டொறத்திக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரே மகள் ஜெசிக்கா மைன்ஸில் ஆங்கிலமும் வரலாறும் படிப்பிக்கிற ஆசிரியை. அன்ரன் லோறன்ஸுக்குக் கடவுள் வைத்த குறை ஒன்றே ஒன்றுதான். அவருடைய பெயரோடு இன்னொருவரும் உலாவினார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பிராங்பேர்ட்டில் ஒரு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை நடக்கும். அங்கே வருகிறவர்களில் இரண்டு அன்ரன் லோறன்ஸ். இவர் யாழ்ப்பாணத்துப் பாஷையூர், மற்றவர் மன்னார்ப் பக்கம் பேசாலை. நம்முடைய ஆட்கள் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிக் கொடுத்ததில், இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டிலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அதே பெயர் விழுந்துவிட்டது.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் யாழ்ப்பாணத்துச் சனம் சும்மா விடுமா? பட்டப்பெயர் தெளித்தார்கள். மன்னார்க்காரர் முதன்முதல் பூசைக்கு வந்தபோது பழைய பென்ஸ் கார் ஒன்றில் வந்து இறங்கினார். அவர் பென்ஸ் லோறன்ஸ் ஆனார். நம்மவருக்குக் கிடைத்தது கருவாட்டு லோறன்ஸ்.

அதற்குக் காரணம் இருந்தது. 2003ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவே வெந்து அவிந்தது. எல்லோரும் காற்றாடி தேடிக் கடை கடையாக ஓட, லோறன்ஸுக்கு மட்டும் இந்த அருமையான வெயில் வீணாகப் போகிறதே என்று மனம் பதைத்தது. நல்ல பாரை மீனாகப் பார்த்து வாங்கி, கீறி, உப்பிட்டு, பல்கனியில் கொடி கட்டித் தொங்கவிட்டார். அடுத்த நாள் மணம் படிக்கட்டு வழியே கீழே இறங்கியது. பக்கத்து வீட்டு ஹெல்விக் அம்மா தனியாள். அவர் யாருக்கும் சொல்லாமல் வடகடல் பக்கம் ஓய்வுக்குப் போயிருந்தார். கதவைத் தட்டினால் பதில் இல்லை. வருகிற நாற்றமோ அப்படிப்பட்டது. கட்டடத்தில் இருந்தவர்கள் இரண்டையும் கூட்டிப் பார்த்துக் கண்கலங்கிவிட்டார்கள். தீயணைப்புப் படை வந்து கதவை உடைத்தது. உள்ளே வாடிய பூச்செடி தவிர வேறு பிணம் இல்லை. பிறகு ஒரு பொலிஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு லோறன்ஸின் பல்கனியை எட்டிப் பார்த்தார்.

ஹெல்விக் அம்மா கடற்கரை வெயிலில் சிவந்துபோய்த் திரும்பி வந்தபோது, அவருடைய வாசலில் யாரோ ஏற்றிவைத்த மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. புதுக் கதவு பொருத்த உதவிக்குப் போன லோறன்ஸிடம் அந்த மனுசி முழு விபரத்தையும் கேட்டு, கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து இரண்டு வீடும் நல்ல உறவு. ஆனால் பூசைக்கு வருகிற சனம் மறக்கவில்லை. கருவாடு என்ற பெயர் அவர்மேல் உப்புப்போல ஊறிவிட்டது.

லோறன்ஸும் சும்மா இருந்தவர் அல்ல. பென்ஸ் லோறன்ஸுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் நடந்தபின், "அன்ரன் லோறன்ஸ் ஆஸ்பத்திரியாலை வீட்டை வந்திட்டாராம்" என்ற செய்தி தொலைபேசிகளில் ஓடியது. ஒரு சனிக்கிழமை முற்பகலில் நம்மவர் வீட்டு மணி அடித்தது. திறந்தால், திராட்சைப்பழமும் ஆட்டெலும்புச் சூப்புமாக ஒரு குடும்பம் நின்றது.

"அண்ணை, எழும்பி நடக்கிறியளே? படுங்கோ, படுங்கோ!"

லோறன்ஸ் ஒரு கணம் யோசித்தார். சூப்பின் மணம் நன்றாக இருந்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகப் போய் சோபாவில் சாய்ந்தார். பின்னேரம் இன்னொரு குடும்பம் வந்தது. அதற்குள் அவர் சுடுதண்ணீர்ப் பையும் ஒரு சால்வையும் எடுத்து வைத்திருந்தார். வேலை முடிந்து வந்த டொறத்தி, தன் வீட்டு வரவேற்பறையில் ஆட்கள் தன் புருசனுக்காகச் செபமாலை சொல்வதைக் கண்டு திகைத்து நின்றாள்.

உண்மை தெரிந்தபின் அந்தச் சனம் கோபித்ததைவிடச் சிரித்ததுதான் கூட. ஆனால் அதன் பலன் லோறன்ஸுக்குத்தான் வந்து விழுந்தது. இனி ஒருவரும் வெறும் லோறன்ஸ் என்று சொல்ல மாட்டார்கள். "எந்த லோறன்ஸ்? கருவாடோ, பென்ஸோ?" என்று உறுதிப்படுத்திவிட்டுத்தான் மற்றக் கதை.

அதையும் பொறுத்துக்கொண்டு இருந்திருப்பார். ஆனால் ஜெசிக்காவுக்குக் கலியாணம் பேசி முடித்த வருடம், கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு மாப்பிள்ளை லக்ஸனின் தாய் தகப்பனும் வந்திருந்தார்கள். நிகழ்ச்சி நடுவில் ஒலிபெருக்கி அறிவித்தது: "கருவாட்டு லோறன்ஸ் அண்ணை, உங்கடை கார் வழியை மறிச்சு நிக்குது. தயவுசெய்து எடுக்கவும்." எழும்பிப் போய்க் காரை நகர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தபோது சம்பந்தியம்மா மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"நீங்கள் முந்திக் கருவாட்டு வியாபாரமோ செய்தனீங்கள்?"

அன்று வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினியில் சாப்பாட்டு மேசையடியில் குந்திவிட்டார். ஜெசிக்காவும் அங்கே தன் பாடசாலை வேலையைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தாள். தகப்பனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, உங்கடை பிரச்சினை புதிசில்லை. அமெரிக்காவிலை இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தியே வந்தது."

"ஏன், அங்கையும் ஆரும் பல்கனியிலை மீன் காயவிட்டவையே?"

"இல்லையப்பா. சார்ள்ஸ் கரோல் எண்டு ஒரு பேர். மேரிலாந்திலை பாட்டன் சார்ள்ஸ் கரோல், தகப்பன் சார்ள்ஸ் கரோல், மகனும் சார்ள்ஸ் கரோல். அது காணாதெண்டு தூரத்துச் சொந்தத்திலையும் ஒரு சார்ள்ஸ் கரோல். எல்லாரும் பேர்போன ஆக்கள்."

லோறன்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிறகு எப்பிடிச் சமாளிச்சவை?"

"சொந்தக்காரர் சட்டம் படிச்சவர், அவரைப் பரிஸ்டர் எண்டு சொல்லுவினம். தகப்பன் அனபோலிஸ் ஊரிலை இருந்தபடியாலை அனபோலிஸ் கரோல். மகன் தன்ரை காணியின்ரை பேரைச் சேர்த்து, கரோல்ற்றன் ஊர்ச் சார்ள்ஸ் கரோல் எண்டுதான் கையெழுத்து வைப்பார். அமெரிக்காவின்ரை சுதந்திரப் பிரகடனத்திலையும் அப்பிடித்தான் வைச்சிருக்கிறார். அதிலை ஒப்பம் வைச்ச ஆக்களுக்கை அவர் ஒராள்தான் கத்தோலிக்கர்."

"கத்தோலிக்கரோ!" லோறன்ஸ் உடனே சப்பாத்தைக் கழற்றினார். தன்னுடைய கோயில் பங்கிலிருந்து ஒருவர் ஜெயித்த செய்தி கேட்டதுபோல அவருக்கு முகம் மலர்ந்தது.

"ஒரு கதையும் சொல்லுவினம். 'கரோல் எண்டு கனபேர் இருக்கினம், உம்மைத் தூக்கிலை போட அரசருக்கு ஆள் பிடிபடாது' எண்டு பக்கத்திலை நிண்ட ஆரோ பகிடி விட்டவராம். உடனை அவர் பேனையை எடுத்து ஊர்ப்பேரையும் சேர்த்தாராம். ஆனா அது சும்மா கதை. அதுக்குப் பத்து வருசத்துக்கு முந்தியே அவர் அப்பிடித்தான் எழுதிக்கொண்டு வந்தவர்."

கடைசி இரண்டு வசனமும் லோறன்ஸின் காதில் ஏறவில்லை. "ஆம்பிளை!" என்றார்.

"அவசரப்படாதேங்கோ. அவர் நூற்றுக்கணக்கான அடிமையளை வைச்சிருந்தவர்."

லோறன்ஸின் முகம் சுருங்கியது. "சீ" என்றார். பிறகு, "அந்தாளை எனக்கு வேண்டாம். கையெழுத்து வைச்ச முறையை மட்டும் எடுக்கிறன்" என்றார்.

"என்னத்தை எடுக்கப்போறியள்?" என்று டொறத்தி அடுப்படியிலிருந்து கேட்டாள். "பாஷையூர் லோறன்ஸ் எண்டு வைக்காதேங்கோ. அந்தப் பேரிலை ஸ்டுட்கார்ட்டிலை ஒருத்தர் இருக்கிறார். மூண்டு கலியாணம் கட்டின மனுசன்."

"பிறந்த ஊர் ஏன்? இருக்கிற ஊரைப் போடுறன். ஜெர்மன்காரருக்கும் விளங்கவேணும். அன்ரன் லோறன்ஸ் ஃபொன் றுசல்ஸ்ஹைம்."

ஜெசிக்கா பேனையைக் கீழே வைத்தாள். "அப்பா, அப்பிடி ஏலாது. இஞ்சை ஃபொன் எண்டால் பிரபுக்களின்ரை பேர். ஊர்ப்பேருக்கு முன்னாலை அதைப் போட்டால் நீங்கள் கோட்டையும் குதிரையும் வைச்சிருக்கிற ஆள் எண்டு நினைப்பினம்."

அவள் தடுக்கச் சொன்ன வார்த்தை அது. ஆனால் அதைக் கேட்டபிறகுதான் லோறன்ஸின் வாயோரத்தில் அந்தச் சிரிப்பு வந்து குந்தியது.

"பொன்னோ?" என்றாள் டொறத்தி. "கழுத்திலை போட ஒரு நல்ல பொன் வாங்கித் தரேல்லை. பேரிலை போடப் போறாராம்."

அடுத்த கிழமையே கீழ்வாசல் மணிப்பலகையில் பழைய பெயர் போய்ப் புதுப் பெயர் ஏறியது. முதலில் கண்டவர் ஹெல்விக் அம்மா. அவருக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. ஆனால் அரச குடும்பங்கள், பிரபு வீட்டுக் கலியாணங்கள், விவாகரத்துகள் எல்லாம் போடுகிற சஞ்சிகைகளை ஒன்றுவிடாமல் வாசிப்பார். மூச்சுவாங்க மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"ஹெர் லோறன்ஸ், இத்தனை வருடமாக இதை எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் நீங்கள் என்னோடு முன்புபோலப் பழகமாட்டீர்கள் என்று பயந்தேன்" என்றார் லோறன்ஸ், ஜெர்மனில், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

ஹெல்விக் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பனியனும் சாரமும் உடுத்து, கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு நின்ற பிரபுவைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் பாவாடையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, முழங்காலை மடித்து, அரண்மனை முறைப்படி ஒரு வணக்கம் வைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அந்தப் பெயரைப் பரப்பியது லோறன்ஸ் அல்ல, ஹெல்விக் அம்மாதான். பேக்கரியில் நிற்கிற பெண் "காலை வணக்கம், ஹெர் ஃபொன் றுசல்ஸ்ஹைம்" என்று சொல்லிப் பாணை நீட்டினாள். லோறன்ஸ் தலையை ஒருபக்கம் சாய்த்து ஏற்றுக்கொண்டார். பாண் வாங்க ஒருநாளும் அசையாத மனுசன், இப்போது காலையில் தானாகவே புறப்பட்டுப் போகிறார் என்று டொறத்திக்குச் சின்னச் சந்தோசம்கூட இருந்தது.

அந்தச் சந்தோசம் சேலையோடு முடிந்தது. ஜெசிக்காவின் கலியாணத்துக்கென்று டொறத்தி சென்னையில் சொல்லிச் செய்வித்த பட்டுச்சேலைப் பொதி றுசல்ஸ்ஹைம்வரை வந்தது. பொதியில் டொறத்தி லோறன்ஸ் என்று இருந்தது. மணிப்பலகையில் லோறன்ஸ் என்று முடிகிற பெயரைக் காணாமல், ஃபொன் றுசல்ஸ்ஹைம் என்று முடிகிற நீளமான பிரபு ஒருவரைக் கண்ட பொதிக்காரர், முகவரியில் அப்படி ஒருவர் இல்லையென்று முடிவுசெய்தார். சேலை மறுபடியும் விமானம் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டது.

டொறத்தி சத்தம் போடவில்லை. அதுதான் லோறன்ஸைப் பயப்படுத்தியது. அவருக்கு முன்னால் சோற்றுக் கோப்பையை வைத்தாள். சோற்றுக்கு மேலே, கறி ஒன்றும் இல்லாமல், ஒரு துண்டுக் கருவாடு மட்டும் கிடந்தது.

"டொறத்தி, நீர் கோவிக்காதேயும்…"

"நான் ஏன் கோவிக்கிறன்? பிரபு சாப்பிடுங்கோ. அந்தோனியார் திருநாளுக்கு முதல் அந்தப் பலகை மாறவேணும்."

"திருநாள் முடியட்டும். அடுத்த நாள் மாத்திறன்."

அவருக்குத் திருநாளில் ஒரு திட்டம் இருந்தது. ஜூன் மாதத்தில் புனித அந்தோனியார் திருநாள் பூசை முடிந்ததும் மண்டபத்தில் சாப்பாடும் அதிர்ஷ்டச் சீட்டிழுப்பும் நடக்கும். தமிழ்ப் பள்ளி நடத்துகிற பிளோறன்ஸ் ரீச்சர்தான் ஒவ்வொரு வருடமும் ஒலிவாங்கி பிடிப்பவர். அவர் வாயால் ஒருதரம் முழுச் சனத்துக்கும் முன்னால் புதுப் பெயர் வந்துவிட்டால், கருவாடு அன்றோடு அழிந்துவிடும் என்பது லோறன்ஸின் கணக்கு. அதனால் சீட்டு வாங்கும்போது எல்லாத் துண்டிலும் பெயருக்குப் பின்னால் 'ஃபொன் ஆர்.' என்று தெளிவாக எழுதினார். வெல்வதற்கு வசதியாக ஒரு கட்டுச் சீட்டும் வாங்கினார்.

அந்தோனியார் கைவிடவில்லை. கடைசிப் பரிசு, பெரிய சோறு அவிக்கிற குக்கர் ஒன்று. பிளோறன்ஸ் ரீச்சர் சீட்டை எடுத்து, கண்ணாடியை இறக்கி, "அன்ரன் லோறன்ஸ்" என்று வாசித்தார்.

மண்டபத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் எழும்பினார்கள். பென்ஸ் லோறன்ஸ் முன்வரிசையில் இருந்தவர். மெலிந்த, மொட்டைத் தலை மனுசன். அவர்தான் முதலில் போய்க் குக்கரில் கைவைத்தார். நம்மவர் தொப்பையோடு ஓடிப்போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

"ஐசே, கையை எடும். என்ரை வருத்தத்துக்கு வந்த சூப்பைக் குடிச்சது காணாதோ?" என்றார் பென்ஸ் லோறன்ஸ்.

"ரீச்சர், சீட்டை முழுக்க வாசியுங்கோ" என்றார் நம்மவர். "பேருக்குப் பின்னாலை ஒண்டு கிடக்கு."

ரீச்சர் பார்த்தார். "ஃபொன் ஆர். எண்டு இருக்கு. என்ன இது?"

"ஃபொன் றுசல்ஸ்ஹைம். அதுதான் இனி என்ரை பேர். எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

பிளோறன்ஸ் ரீச்சருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தமிழ் விழா மேடையில் பிறமொழிச் சொல் வரக்கூடாது. பள்ளியில் பிள்ளைகள் 'மோர்கன்' என்று தொடங்கினாலும் நாளை என்று திருத்திவிட்டுத்தான் மேலே கேட்பார். ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"சபையோரே, இது தமிழ்த் திருநாள். இந்தப் பேரையும் தமிழிலை சொல்லுவம். றுசல் எண்டால் பிள்ளையள் என்ன?"

ஜெர்மன் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் மண்டபம் முழுக்க இருந்தார்கள். யானையின் துதிக்கைக்கு ஜெர்மனில் றுசல் என்று பெயர். ஊர்ப்பெயருக்கு அறிந்தவர்கள் வேறு விளக்கம் சொல்வார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அதைப்பற்றி என்ன கவலை? "தும்பிக்கை!" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஹைம் எண்டால்?"

"வீடு! ஊர்!"

"ஆகவே பரிசு பெறுபவர்," என்று ரீச்சர் முகத்தில் ஒரு கோடு அசையாமல் அறிவித்தார், "தும்பிக்கையூர் லோறன்ஸ்."

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பில் ஒருவருக்கு வடை தொண்டையில் சிக்கி முதுகில் தட்டவேண்டி வந்தது. சம்பந்தியம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். டொறத்தி எழும்பி நின்று கைதட்டினாள். லோறன்ஸ் மேடையில் குக்கரைக் கட்டிப்பிடித்தபடி, வாய் திறந்தது திறந்தபடி நின்றார். பிரபுவாக ஏறிய மனுசன், ஒரு நிமிடத்தில் யானையாகிவிட்டார்.

அந்த நிலையில் வேறொருவர் என்றால் குக்கரையும் விட்டுவிட்டு வெளியே போயிருப்பார். லோறன்ஸ் சனத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். குக்கரைக் கீழே வைத்தார். யானைக் காதுகள் போல ஒருமுறை தோளைக் குலுக்கினார். வலது கையை மூக்கடியில் வைத்து, நீட்டி, வளைத்து, மெல்ல ஆட்டினார். அப்படியே இரண்டு அடி வைத்துப் போய், கோயில் யானை ஆசீர்வதிக்கிறதுபோலப் பென்ஸ் லோறன்ஸின் மொட்டைத் தலையில் மெதுவாகத் தட்டினார்.

பென்ஸ் லோறன்ஸ் இதை எதிர்பார்க்கவில்லை. முறைத்துக்கொண்டு நின்றவர், சிரிப்பு முட்டிப்போய்ச் சட்டைப்பையில் கையை விட்டு ஓர் இரண்டு ஈரோ நாணயக் குற்றியை எடுத்துத் தும்பிக்கைக்குள் வைத்தார். யானை அதைப் பத்திரமாகத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

காரில் வீட்டுக்குத் திரும்பும்போது டொறத்தி இடைக்கிடை தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தாள். "வெக்கமா இல்லையோ?" என்று கேட்டாள்.

"ஏன் வெக்கம்? கருவாட்டிலும் யானை பெரிசெல்லோ?"

மறுநாள் மணிப்பலகை பழையபடி மாறியது. ஹெல்விக் அம்மாதான் சில நாள் துக்கம் காத்தார். சேலை இரண்டாம் தரமும் கடல் தாண்டி வந்து, கலியாணத்துக்கு முதல்கிழமை கையில் கிடைத்தது. பூசைக்கு வருகிற சனம் அன்றிலிருந்து கருவாட்டு லோறன்ஸ் என்று சொல்வதில்லை. தும்பிக்கை லோறன்ஸ் என்றார்கள். பிறகு அதுவும் தேய்ந்து, தும்பி அண்ணை என்று ஆகிவிட்டது. அது அவருக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

போன வருடம் ஜெசிக்காவுக்கும் லக்ஸனுக்கும் ஆண்பிள்ளை பிறந்தது. ஒருவருக்கும் இல்லாத பெயராக வைப்போம் என்று லோறன்ஸ் தலைகீழாக நின்றார். பெயர்ப் பொருத்தம் பார்க்கிறவர்போல நாள்கணக்காக யோசித்து ஏழெட்டுப் பெயர் கொண்டுவந்தார். ஜெசிக்கா ஒன்றையும் ஏற்கவில்லை. புதிய பாப்பரசரும் லியோ என்று வந்த வருடம், பெயரும் கட்டை, ஜெர்மன்காரர் வாயிலும் நுழையும் என்று சொல்லி லியோ என்று வைத்தாள்.

ஞானஸ்நானத்துக்குப் போனால், கோயில் முன்வாங்கில் வெள்ளை உடுப்போடு வேறு குழந்தைகளும் இருந்தார்கள். சுவாமியார் பெயர்களைக் கேட்டுக்கொண்டு வந்தார். முதற்பிள்ளை லியோ. இரண்டாவதும் லியோ. ஜெசிக்காவின் பிள்ளை மூன்றாவது. சுவாமியார் நிமிர்ந்து, "இதிலை எந்த லியோவை முதலிலை கொண்டுவாறியள்?" என்று கேட்டார்.

ஜெசிக்கா தகப்பனைத் திரும்பிப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். லோறன்ஸ் வாங்கின் நுனிக்கு நகர்ந்து வந்து, மூன்று லியோவையும் மாறி மாறிக் கவனமாகப் பார்த்தார். ஒருவன் நித்திரை. அடுத்தவன் அழுகை. பேரன் மட்டும் சுவாமியாரின் ஒலிவாங்கியை எட்டிப் பிடித்து, வாய்க்குள் வைத்துச் சப்பத் தொடங்கினான். அந்தச் சத்தம் கோயில் முழுக்க ஒலித்தது.

"மைக் லியோ" என்றது பின்வாங்கிலிருந்து பென்ஸ் லோறன்ஸின் குரல்.

லோறன்ஸ் திரும்பி, அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மற்ற இரண்டு குழந்தைகளின் தாய்மாரும் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன பட்டப்பெயர் வரப்போகிறதோ என்று அவசரமாகப் பிள்ளைகளின் முகத்தைத் துடைத்து, தொப்பியைச் சரிபண்ணினார்கள்.